பாலத்துக்குக் கீழே ஒரு காடு

2022 ஜனவரித் தொடக்கத்தில் தெஹிவளைக் கடலில் சுழியோடிக்கொண்டிருந்த ஒருவரை முதலை கடித்துக் கொன்றது. கடலிலே முதலையா என்று கொழும்பே வாயைப் பிளந்தது. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரைக்கும் கடலில் இறங்கவேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. மரைன் டிரைவில் மாலை நடக்கிறவர்கள் கொஞ்ச நாளைக்குத் தண்ணீர்ப் பக்கம் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். பிறகு வழக்கம்போல எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அது ஒன்றும் வழிதவறி வந்த அதிசயப் பிறவி அல்ல. உவர்நீர் முதலைக்குக் கடல் ஒரு பெருந்தெரு. களப்பிலோ ஆற்று முகத்திலோ இருக்கும். மழைவெள்ளம் கால்வாய்களைக் கடலோடு இணைக்கும்போது இறங்கி நீந்தி, கரையோரமாகவே போய் அடுத்த வாய்க்காலில் ஏறிவிடும். களனி கங்கையில் முதலை உண்டு, பொல்கொடவில் உண்டு, நாடாளுமன்றத்தைச் சுற்றியிருக்கும் தியவன்னாவிலும் கண்டிருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் காலி வீதியும் இருக்கிறது, எங்கள் அடுக்குமாடிகளும் இருக்கின்றன.

வெள்ளவத்தையின் வடக்கு எல்லை ஒரு கால்வாய். சென் பீற்றர்ஸ் கல்லூரியைத் தாண்டி, சவோய் தியேட்டர் வருவதற்கு முன்னால் பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்குமே, அதுதான். தெற்கு எல்லையில் தெஹிவளைக் கால்வாய். கொட்டாஞ்சேனைக்காரருக்கோ வடக்கே களனி கங்கை. முகத்துவாரம், மட்டக்குளி என்று ஊரே ஆற்று வாயில் முடிகிறது. தமிழர் செறிந்து வாழும் கொழும்பின் இரு பகுதிகளும் இப்படி நீரை வேலியாகக் கொண்டிருக்கின்றன. ஆனால் விடுமுறை வந்தால் நாங்கள் வானைப் பிடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கும் யாலவுக்கும் ஓடுகிறோம். பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துகிறோம்.

மூக்கைப் பொத்துவதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடல் வாயில் இந்தக் கால்வாய்கள் நாறத்தான் செய்கின்றன. சமையலறைக் கழிவு, மலசலக் குழாய், பிளாஸ்டிக் போத்தல், வாழைக்குற்றி, யாரோ கரைத்த பூசைப் பூ எல்லாம் வந்து முட்டும் இடம் அது. மணல்மேடு வாயை அடைத்துவிட்டால் நாற்றம் இன்னும் ஒரு படி கூடும். ஆனால் நாற்றத்தை வைத்துக் கால்வாய் முழுவதையும் எடைபோடுவது சரியில்லை. கிருலப்பனை வரைக்கும் கரையோரம் நடந்து பாருங்கள். கம்பிக்கூட்டுக்குள் கல் அடுக்கிய கரையில் கபரகொய்யா ஒன்று முன்னங்காலை ஊன்றி, தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருக்கும். ஆறடிக்குக் குறையாது. பாலத்தடிக் குழாயில் நீர்க்காகம் சிறகை இரண்டு பக்கமும் விரித்துக் காயவைக்கும். அதன் இறகு மற்ற நீர்ப்பறவைகளின் இறகு அளவுக்கு நீரைத் தடுக்காது. நனைந்தால் கனக்கும், கனத்தால் ஆழமாக முங்கலாம், முங்கி எழுந்தால் காயவேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு மடையான் அசையாமல் நிற்கும். மண்ணிறமாக, பார்வைக்குப் படாமல் இருக்கும். எழும்பிப் பறக்கிற நொடியில்தான் உள்ளே அத்தனை வெள்ளை இருந்தது தெரியும்.

இந்தக் கால்வாயில் படகும் ஓடியிருக்கிறது. 2021 ஆரம்பத்தில் வெள்ளவத்தைக்கும் பத்தரமுல்லைக்கும் இடையே பயணிகள் படகுச் சேவை ஒன்றைத் தொடக்கினார்கள். காலி வீதி நெரிசலில் அகப்படாமல் போகலாம் என்பதுதான் விளம்பரம். நிலைக்கவில்லை. கந்தோருக்குப் போகிறவனுக்குப் படகு பஸ்ஸோடு போட்டிபோட முடியாது என்பது என் எண்ணம். ஞாயிறு காலை பிள்ளைகளோடு போகிறவனுக்காக அதே படகை விட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். ஏனென்றால் அந்த வழி போய்ச் சேருமிடம் கொழும்பின் மிகச் செழித்த சதுப்பு நிலம்.

நாடாளுமன்றத்துக்குப் பின்னால் பூனை

கிருலப்பனை, நாவல, ராஜகிரிய என்று உள்ளே போகப் போகக் கட்டடங்கள் விலகி, தியவன்னா ஓயா விரிகிறது. ஜெப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறந்த நாடாளுமன்றம் அந்த நீரின் நடுவில் நிற்பதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அதைச் சுற்றியுள்ள வீதி விளக்குக் கம்பங்களில் கூழைக்கடாக்கள் கம்பத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருப்பதைத்தான் கமரா காட்டுவதில்லை. பக்கத்தில் பெத்தகான ஈரநிலப் பூங்கா, 18 ஹெக்டேயர், 2016இல் திறந்தது. தலவத்துகொடையில் தியசரு பூங்கா, 60 ஏக்கர். இரண்டிலும் சதுப்புக்கு மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், பறவை பார்க்கக் கோபுரம் இருக்கிறது. காலை வெயில் ஏறுமுன் போகவேண்டும். பத்து மணிக்குப் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்பி வருகிறவர்களோடு எனக்கு வழக்காட விருப்பமில்லை.

நீர்மட்டத்தில் இருந்து பார்ப்பது தனி. தியவன்னாவில் தண்டு வலிக்கப் பழகும் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்க்கலாம். கயாக் வாடகைக்குக் கொடுக்கும் இடங்களும் கொழும்பைச் சுற்றி வந்துவிட்டன. கயாக்கில் உட்கார்ந்தால் உங்கள் கண் தண்ணீருக்கு மேலே இரண்டடி உயரத்தில் இருக்கும், தாழைக்கோழியின் கண்ணுக்குக் கொஞ்சம்தான் மேலே. துடுப்பை மெல்ல இறக்கி, பின்னுக்குத் தள்ளி, சத்தமில்லாமல் தூக்கவேண்டும். தூக்கும்போது நுனியிலிருந்து சொட்டும் நீர்கூடப் பறவைக்குக் கேட்கும். ஆகாயத்தாமரைப் பாய்க்கு அருகே துடுப்பை நிறுத்தி மிதக்க விட்டால் இலைக்கோழி வரும். உடம்பைவிட நீளமான விரல்களோ என்று தோன்றும் கால்கள். இலை அமிழுமுன் அடுத்த இலைக்குப் போய்விடும். சேவல்தான் அடைகாக்கும், குஞ்சையும் அதுவே வளர்க்கும். பேடு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். நாணலுக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டைக் காலால் பிடித்து, ஆள் வாழைப்பழம் தின்பதுபோலக் கடித்துத் தின்னும்.

இந்தச் சதுப்பின் உண்மையான எசமான் ஆனால் பகலில் வெளிவராது. மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்கிறார்கள். வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்குப் பருமன், குட்டை வால், உடம்பு முழுக்க வரிசையாகக் கரும்புள்ளி, விரல்களுக்கிடையே பாதிச் சவ்வு. தண்ணீருக்குள் தலையைப் போட்டு மீனைக் கவ்வும் பூனை. இது காட்டுக்குள் இருப்பதில் புதினம் இல்லை. தலைநகருக்குள் இருப்பதுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆய்வாளர்கள் சில பூனைகளைப் பிடித்து ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி கட்டி விட்டார்கள். அவை சதுப்போடு நின்றுவிடவில்லை. இரவில் வடிகால் வழியாக, மதிலேறி, கூரையேறி, குடியிருப்புகளுக்குள் வந்துபோயின. வசதியானவர்கள் வீட்டுக் குளத்தில் வளர்க்கும் விலைகூடிய அலங்கார மீன் காணாமல் போனால் வேலைக்காரனைச் சந்தேகப்பட்ட காலம் உண்டு. கமரா வந்த பிறகு கள்ளன் யாரென்று தெரிந்தது.

அதற்குப் பெரிய எதிரி மனிதனின் கோபமல்ல, வீதி. சதுப்பை வெட்டிக்கொண்டு ஒரு பெருந்தெரு போனால் இரவில் அதைக் கடக்கும் பூனை வாகனத்தில் அடிபட்டுச் சாகும். நீர்நாய்க்கும் அதே கதிதான். ஆம், கொழும்பில் நீர்நாயும் உண்டு. இலங்கையில் இருப்பது ஒரேயொரு நீர்நாய் இனம், அது ஐரோப்பாவின் ஆறுகளில் வாழும் அதே இனம். அதைக் கண்டவர்கள் மிகக் குறைவு. எச்சத்தில் மீன் செதில் மினுங்குவதைக் கண்டவர்கள்தான் கூட.

2018இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலகில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள். அதில் கொழும்பும் ஒன்று. நகரத்துக்குள்ளும் ஓரத்திலுமாக ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் இன்னும் மிஞ்சியிருப்பதற்காகக் கிடைத்த பெயர். ஆனால் அரசுக்குச் சதுப்பின் மேல் திடீரென்று காதல் வந்ததற்குக் காரணம் பூனையுமல்ல, பறவையுமல்ல. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதுவரைக்கும் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் சனம் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது வராத ஞானம், உறுப்பினர்களின் கதிரை நனைந்தபோது வந்தது. 2012இல் உலக வங்கிக் கடனோடு கொழும்பு வெள்ளத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. கால்வாய் தூர்வாருவதும் பூங்கா அமைப்பதும் அதற்குள் வந்தவைதான். மண்போட்டு நிரப்பும் ஒவ்வொரு பேர்ச் சதுப்பும் மழைநீர் நிற்க இருந்த இடம். அந்த நீர் எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும், பெரும்பாலும் ஏழையின் வீட்டுக்குள்.

மீதொட்டமுல்லையை மறக்கமுடியாது. சதுப்பு நிலத்தில் கொட்டிக் கொட்டி மலையாக்கிய குப்பை 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் சரிந்து 32 பேரைப் புதைத்தது. சதுப்பு என்றால் வெற்று நிலம், அங்கே எதையும் கொட்டலாம் என்று நினைத்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

நாகலகம் வீதிக்கு வடக்கே

கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஆறு என்றால் முதலில் வெள்ளம். மழைக்காலச் செய்தியில் நாகலகம் வீதி நீர்மட்டம் இத்தனை அடி என்று சொன்னால், கிராண்ட்பாஸ், மாதம்பிட்டி, மட்டக்குளிப் பக்கம் சனம் கட்டிலுக்குக் கீழே இருப்பதைத் தூக்கி மேலே வைக்கத் தொடங்கும். களனியின் அளவுகோல் நிற்குமிடம் அதுதான். சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு, அம்பத்தளையில் கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு எங்கள் முகத்துவாரத்துக்கு வருகிறது. வறட்சியில் கதை தலைகீழ். ஆறு மெலிய, கடல் உள்ளே ஏறும், குழாய்த் தண்ணீர் உவர்க்கப் பார்க்கும்.

மட்டக்குளிப் பாலத்தில் நின்று ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். இடப்பக்கம் காக்கைதீவு, அப்பால் கடல். மாலையில் மீன்பிடி வள்ளங்களுக்கு மேலே கடற்காகங்களும் ஆலாக்களும் சுற்றும். வலப்பக்கம் தென்னை சரிந்த கரை. எதிர்க்கரையில், ஹேந்தளைப் பக்கம், ஒரு வாய் திறந்திருக்கும். அது ஹமில்டன் கால்வாயின் தொடக்கம். ஒல்லாந்தர் காலக் கால்வாய் என்று பலர் அதைச் சொல்வார்கள். ஒல்லாந்தரின் கால்வாய் வேறு, பழையது. இதை 1802இல் தொடங்கி 1804இல் முடித்தவர் பிரித்தானிய அதிகாரி கவின் ஹமில்டன். 14.5 கிலோமீற்றர் நீளம்.

எதற்காக வெட்டினார்கள் என்பதற்குள் ஒரு சோகக் கதை இருக்கிறது. கால்வாய்க்குக் கிழக்கே விரியும் முத்துராஜவெல ஒருகாலத்தில் நெல் விளைந்த பூமி, கோட்டை அரசின் களஞ்சியம். அந்நியர் வந்து வணிகத்துக்காகவும் போக்குவரத்துக்காகவும் கால்வாய்களை வெட்ட, அவற்றின் வழியே கடல்நீர் வயலுக்குள் ஏறியது. நெல் செத்தது. உவரை வடித்து வயலை மீட்கலாம் என்றுதான் ஹமில்டன் மேலும் ஒரு கால்வாய் வெட்டினார். உவர் போகவில்லை. நெல்லும் திரும்பவில்லை. இரண்டு நூற்றாண்டாக மனிதன் கைவிட்ட அந்த வயல்தான் இன்று இலங்கையின் மிகப்பெரிய கரையோரச் சதுப்பு. 3,068 ஹெக்டேயர், வடக்கே நீர்கொழும்புக் களப்போடு போய்ச் சேர்கிறது. 1996இல் அதன் ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

பமுனுகமைப் பக்கம் போபிட்டியவில் இருந்து படகு கிடைக்கும். கால்வாயில் கொஞ்சத் தூரத்துக்கு வீடுகள். வீட்டுக்கு வீடு கட்டிய வள்ளம், கரையில் உலரும் வலை, மாதா சொரூபம், குளிக்கும் பிள்ளைகள். பிறகு வீடுகள் குறைந்து கண்டல் தொடங்கும். சேற்றிலிருந்து விரல்விரலாக மேலே எழும்பி நிற்கும் மூச்சுவேர்கள், மேலே பச்சை வட்டமாகக் கிரலக் காய். படகோட்டி எஞ்சினை நிறுத்தினால்தான் சதுப்பு பேசத் தொடங்கும். சின்னதாக ஒரு தண்ணீர் அடிப்பு, நண்டு. மேலே சிறகோசை, செந்நாரை. பாம்புத்தாரா உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும், முதன்முதல் பார்க்கிறவர் பாம்பென்றே நினைப்பார். மீனைக் கொத்திக் குத்தி, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். பின்பக்கமாக விழுங்கினால் முள் குத்தும் என்பது அதற்குத் தெரியும். ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வடதேசத்து விருந்தாளிகளும் சேர்ந்துகொள்வார்கள்.

ஆனால் எஞ்சினை எல்லாரும் நிறுத்துவதில்லை. சில படகுகளில் பாட்டுப்பெட்டியும் உண்டு. பைலாவுக்கு ஆடிக்கொண்டே போய், ஒரு பறவையும் இல்லையே என்று திரும்பி வருகிற கூட்டத்தைப் பார்த்தால் பறவையின் பக்கம்தான் மனம் சாய்கிறது. துடுப்பு வலித்துப் போகும் வள்ளமோ கயாக்கோ கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் தோள் வலிக்கும், அவ்வளவுதான்.

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து வரும் மச்சான்மாரைக் கேட்டால் சொல்வார்கள். கோடையில் அல்கோன்குயின் பூங்காவுக்குப் போய், கனூவைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து ஏரிக்கு ஏரி மாறிப் போன படங்களைக் கைபேசியில் காட்டுவார்கள். 2,000 கிலோமீற்றருக்கு மேல் கனூ வழிகள் உள்ள இடம், பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கு இடமில்லை. வியந்து பார்ப்போம். அப்படிப் படம் காட்டும் மச்சானே வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன், கால்வாய்ப் பாலத்தால் நூறுமுறை பள்ளிக்கூடம் போனவன். அவனுக்கு யாரும் ஒரு துடுப்பைக் கையில் கொடுக்கவில்லை.

துடுப்பு இந்த நகருக்குப் புதிதும் அல்ல. பேர வாவிக் கரையில், இன்று சேர் சிற்றம்பலம் கார்டினர் பெயர் தாங்கிய தெருவில், கொழும்பு றோயிங் கிளப் 1864இலிருந்து இருக்கிறது. அடையாற்றில் சென்னையின் படகுக் கழகம் 1867இல் தொடங்கியது. இரண்டும் 1898இலிருந்து மோதி வருகின்றன. ஒருகாலத்தில் துரைமார் விளையாட்டு. இன்று கறுத்த கைகள் வலிக்கின்றன, ஆனாலும் அது இன்னும் ஒரு சிறு வட்டத்துக்குள்தான் சுழல்கிறது. வாவியின் கதையோ பரிதாபம். போர்த்துக்கேயர் கோட்டைக் காவலுக்காக உருவாக்கிய நீர்நிலை, ஒருகாலத்தில் 165 ஹெக்டேயர் பரந்திருந்தது. நிரப்பி நிரப்பி இப்போது 65. பச்சைப் பாசி படிந்த நீரில் அன்னப்பறவைப் படகு மிதிக்கலாம், அதற்குமேல் நான் பரிந்துரைக்கமாட்டேன். நடுவிலுள்ள சின்னத் தீவு மரத்தில் கூழைக்கடா கூடுகட்டும் காலத்தில் மட்டும் ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

தெற்கே போகிறவருக்கு வெரஸ் கங்கையும் பொல்கொடவும். தெஹிவளையிலிருந்து பெல்லன்வில–அத்திடிய சரணாலயம் கூப்பிடு தூரம். 372 ஹெக்டேயர், 1990இல் அறிவித்தது. அதன் நீர் வெரஸ் கங்கையாகிப் பொல்கொட வாவியில் சேர்ந்து பாணந்துறையில் கடலுக்குப் போகிறது. கயாக் ஓட்டப் பொல்கொட நல்ல விசாலமான நீர். ஆனால் மொறட்டுவைப் பக்கம் கரதியானைக் குப்பைமேடு நீரோரத்திலேயே நிற்கிறது, காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாளில் தெரிந்துவிடும். கித்துல்கலையைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. களனியின் மேல்நீரில் ரப்பர் படகில் பாய்வதற்கு இளைஞர் கூட்டம் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது. 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலம் கட்டி வெடித்த இடமும் அதுவே. அங்கே ஆற்றைப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கூச்சலில் பறவை பார்க்கமுடியாது.

போகிறவர்களுக்குச் சில சொல்லவேண்டியிருக்கிறது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறவேண்டாம், ‘நான் நீந்துவேன்’ என்பது பதிலல்ல. பெருமழைக்கு அடுத்த சில நாட்களுக்குக் கால்வாய்ப் பக்கமே போகாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த நீரில்தான் வரும், காலில் புண்ணிருந்தால் இன்னும் சுலபம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்றுக் காலத்தில் முகத்துவாரத்துக்கு அருகே சின்ன வள்ளத்தில் விளையாடக்கூடாது, ஆறும் கடலும் முட்டிக்கொள்ளும் இடம் அனுபவமுள்ள மீனவரையே கவிழ்த்திருக்கிறது. கையையோ காலையோ தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு போகவேண்டாம். ஏன் என்று இந்தக் கட்டுரையின் முதல் வரி சொல்லும். பாண் துண்டு எறிந்து பறவையைக் கூப்பிடவேண்டாம்.

இனி உரிமைக் கதை. 2021இல் முத்துராஜவெல நிலத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவர வர்த்தமானி வந்தபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் கரையோரச் சனமும் எதிர்த்து நின்றார்கள். நின்றவர்கள் அந்தச் சதுப்பில் வலை வீசிப் பிழைக்கிறவர்கள், அதன் வெள்ளத்தைத் தெரிந்தவர்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எத்தனை குரல் வந்தது? பார்க்காத நிலத்துக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. படகுச் சவாரியைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல் இத்தனை பக்கம் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

மட்டக்குளிக் கரையில் நாலு பலகை அடித்த ஓர் இறங்குதுறையும், துடுப்பு வள்ளம் பத்தும் இருந்தால் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேரே ஹமில்டன் கால்வாய்க்குள் நுழைந்துவிடலாம். ஆற்றைக் குறுக்கே கடந்தால் போதும். மாநகர சபைக்கு இதற்குச் செலவாகும் காசு, கடற்கரையில் ஒரு வண்ண நீரூற்று வைக்க ஆவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதுவரைக்கும் வத்தளை பஸ்ஸில் ஏறி, பமுனுகமைக்கு மாறிப் போகவேண்டியதுதான். காலை ஆறு மணிக்கு முதல் புறப்படுங்கள், ஏழரைக்குப் பிறகு பைலாப் படகுகள் வந்துவிடும்.